மலையாளம் வாசிக்கப் பழகும் தமிழ்ப் பெரியவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம். சந்தையிலும் வேலையிலும் மலையாளமும் தாராளமாக வரும். ஆனால் பஞ்சாயத்து நோட்டீஸோ ஆஸ்பத்திரிச் சீட்டோ கைக்கு வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டவேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட பெரியவர்களுக்கு மாலை வகுப்பில் வாசிப்பு சொல்லிக்கொடுக்கிறேன். எந்த ஊரில் உட்கார்ந்தாலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே, இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பெரும்பாலான கேள்விகள் சுற்றிவந்து சேரும் இடம் ஒன்றுதான்: எழுத்து தெரிந்த பிறகும் வாசிப்பு ஓடவில்லை. அதற்கான பதில் நான்காம் கேள்வியில் இருக்கிறது. அவசரம் என்றால் நேரே அங்கே போய்விடுங்கள்.

1. மலையாளம் நல்லாப் பேசுவேனுங்க. போர்டைப் பார்த்தாத்தான் ஒண்ணும் ஓட மாட்டேங்குது. ஏன் இப்படி?

காது பழகியிருக்கிறது, கண் பழகவில்லை. அவ்வளவுதான் விஷயம். பேச்சு யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடும். எழுத்து அப்படி வராது. யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும், நீங்களும் உட்கார்ந்து பழக வேண்டும்.

ஆனால் பேச்சு கையில் இருப்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். பேசத் தெரியாமல் புத்தகத்தை வைத்து மலையாளம் படிக்கிறவர், ஒரு சொல்லை எழுத்துக் கூட்டி முடித்த பிறகும் அது சரியா தப்பா என்று தெரியாமல் விழிப்பார். நீங்கள் பஸ் போர்டில் 'சி-ற்-றூ-ர்' என்று கூட்டியதும், "அட, நம்ம சித்தூரு!" என்று காதே சொல்லிவிடும். அந்தச் சொல் ஏற்கெனவே உங்களுடையது. எழுத்துக்கும் அதற்கும் நடுவில் வழி போடுவதுதான் வேலை.

2. எனக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது. நேரா மலையாளத்துல ஆரம்பிக்கலாமா?

எழுத்து என்பது ஒலியின் அடையாளம் என்ற விஷயம் ஒருவருக்கு வாழ்க்கையில் ஒருமுறைதான் பிடிபட வேண்டும். எந்த மொழியில் பிடிபட்டாலும் அடுத்த மொழிக்கு அது கூடவே வரும். அதனால், மனசுக்கு மிக நெருங்கிய மொழியில் அது முதலில் நடப்பது நல்லது. வீட்டில் தமிழ் மட்டுமே, மலையாளம் வேலையிடத்தில் கொஞ்சம் என்று இருப்பவருக்கு, சில மாதம் தமிழில் வாசித்துவிட்டு மலையாளத்துக்கு வாருங்கள் என்றுதான் சொல்வேன். அந்தச் சில மாதம் வீண் போகாது.

சின்ன வயதிலிருந்தே இரண்டும் கலந்து பேசியவர் என்றால் நேரே மலையாளத்தில் தொடங்கலாம், தடையில்லை. ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இரண்டு எழுத்தையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். வடிவங்கள் ஒன்றோடொன்று கலந்து, இரண்டிலும் தயக்கம் வந்துவிடும்.

3. தமிழ் பேப்பர் தினமும் வாசிக்கிறேன். அப்படின்னா மலையாள எழுத்து சீக்கிரம் வருமில்லையா?

வரும். நீங்கள் பாதி வழி ஏற்கெனவே வந்துவிட்டீர்கள். எ, ஏ, ஐ ஒலிகளுக்கான குறி எழுத்துக்கு இடப்பக்கம் நிற்பதும், ஒ, ஓ ஒலிகளுக்கு இரண்டு பக்கமும் குறி வருவதும் மலையாளத்திலும் உண்டு. அதனால் கண் திணறாது. குறில் நெடில் வேறுபாடு அதேதான். ழ, ள, ற மூன்றும் அங்கேயும் இருக்கின்றன.

புதிதாகப் பழக வேண்டியவை சில. தமிழில் க ஒன்றே ஒன்று, மலையாளத்தில் அந்த இடத்தில் நான்கு எழுத்துகள். ச, ட, த, ப வரிசைகளும் அப்படியே. ஆனால் நாட்டுச் சொற்களில் தமிழைப் போல முதல் எழுத்துதான் பெரும்பாலும் வரும். ஆகவே மழ, புழ, வழி, கட, பன போன்ற சொற்களில் தொடங்கினால் மற்ற எழுத்துகளை அப்புறம் நிதானமாகச் சேர்த்துக்கொள்ளலாம். நமக்கு ந, ன என்று இரண்டு இருக்க, அவர்களுக்கு எழுத்து ஒன்றுதான். எப்போது எந்த ஒலி என்பதை உங்கள் காது முடிவு செய்யும். சொல் முடிவில் வரும் சின்ன வட்டம் 'ம்'. ண், ன், ர், ல், ள் ஐந்துக்கும் சில்லு என்று தனி வடிவங்கள் உண்டு.

நம் புள்ளியின் வேலையைச் செய்வது சந்திரக்கலை என்ற பிறைக்குறி. இது சொல்லின் கடைசியில் வந்தால் பல நேரம் அரை உகரமாக ஒலிக்கும். போர்டில் 'பாலக்காட்' என்று பிறையோடு எழுதியிருப்பதை, பேச்சில் சொல்கிற மாதிரியே உகரத்தை லேசாக விழுங்கி 'பாலக்காடு' என்று வாசிக்க வேண்டும். நம் ஆட்கள் தமிழ்ப் புள்ளி என்று நினைத்து 'ட்' என்று வெட்டி நிறுத்திவிட்டு, "இது என்ன ஊரு?" என்று கேட்பார்கள். அப்புறம், ரவும் றவும், பவும் வவும், தவும் நவும் ஆரம்பத்தில் குழப்பும். இந்த இணைகளை ஒரே நாளில் சேர்த்துப் படிக்க வேண்டாம். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு மற்றதை எடுங்கள்.

4. எழுத்தெல்லாம் தெரிஞ்சு போச்சு. ஆனா ஒரு வரி முடிக்கறதுக்குள்ள முன்னால வாசிச்சது மறந்து போகுது. என் மண்டையில ஏதோ கோளாறா?

ஒரு கோளாறும் இல்லை. எல்லாரும் தாண்டிப்போகிற இடம் இது. பெரியவர்கள் மிக அதிகமாக வகுப்பை விட்டுப் போவதும் இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மனித மனத்தில் கவனம் அளவானது. அமெரிக்க உளவியலாளர்கள் டேவிட் லாபெர்ஜும் ஜே சாமுவேல்ஸும் 1974-ல் இதைத் தெளிவாக எழுதினார்கள். எழுத்தை அடையாளம் காண்பதிலேயே கவனம் முழுக்கச் செலவானால், பொருளைப் பிடித்துக்கொள்ள மிச்சம் இருக்காது. எழுத்து தானாகவே தெரிகிற நிலை வந்தால்தான் கவனம் பொருள் பக்கம் திரும்பும். ஒரு சொல்லை மெதுவாகக் கூட்டி முடிப்பதற்குள் முந்தைய சொல் நினைவிலிருந்து நழுவுவது இதனால்தான்.

தொழிலுறப்பு என்கிற அரசு வேலை உறுதித் திட்டத்தில் வேலைக்குப் போகிற ஒரு அக்கா, மலையாளப் பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கத்தில் அடிக்கடி வருகிற ஒரு தலைப்பை வாசித்தார்: 'வைத்யுதி முடங்ஙும்.' விரலை எழுத்தின் கீழே வைத்து 'வை' என்றார். அடுத்து ஒரு கூட்டெழுத்து, அதாவது இரண்டு எழுத்து ஒட்டி ஒன்றாக எழுதியது. அதில் நின்று, பின்னால் போய், மறுபடி 'வை' என்று தொடங்கி, 'த்யு... தி' என்று முடித்தார். 'முடங்ஙும்' வந்து சேர்ந்தபோது, "முதல்ல என்ன வந்துச்சுங்க டீச்சர்?" என்று கேட்டார். அதே இரண்டு சொல்லை இன்னொரு தடவை வாசித்தார். மூன்றாவது தடவை விரல் எழுத்துக்கு எழுத்து நிற்காமல் சொல்லுக்குச் சொல் நகர்ந்தது. வாசித்து முடித்ததும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "கரண்ட் போகுமுன்னு போட்டிருக்காங்க. எந்த ஊருக்கு?" என்றார். எழுத்து அதேதான், ஆளும் அதே ஆள்தான். வேகம் வந்ததும் பொருள் கூடவே வந்துவிட்டது.

இதற்குச் செய்யவேண்டியது, ஒரே சின்னப் பகுதியைத் திரும்ப வாசிப்பது. சாமுவேல்ஸே 1979-ல் இந்த முறையை எழுதினார். வாசிப்புப் பயிற்சியில் நெடுங்காலமாகப் பயன்படுத்தப்படும் வழி இது. நான்கிலிருந்து ஆறு வரி போதும். முதலில் தெரிந்தவர் ஒருவர் வாசிக்க, கண்ணை வரியில் வைத்துக் கேளுங்கள். அடுத்து அவரோடு சேர்ந்து வாசியுங்கள். பிறகு தனியாக மூன்று நான்கு முறை. மறுநாள் புதுப் பகுதிக்குப் போகும் முன் நேற்றைய பகுதியை ஒருமுறை வாசித்துவிடுங்கள். புதுப் பாடம் எத்தனை முடிந்தது என்று ஓடுகிற வகுப்பைவிட, ஒரு பாடத்தைச் சரளமாக்கிவிட்டு நகர்கிற வகுப்புதான் பெரியவர்களுக்கு உதவுகிறது என்பது என் உறுதியான கருத்து.

5. திரும்பத் திரும்ப வாசிச்சா அது மனப்பாடம் ஆயிடுமே. அதைப் போயி வாசிப்புன்னு எப்படிச் சொல்றது?

நியாயமான சந்தேகம். கண் பேப்பரை விட்டு மேலே போய் வாய் மட்டும் ஓடினால் அது மனப்பாடம்தான். கண்டுபிடிக்கும் வழி சுலபம். பகுதியை ஒரு தாளில் எழுதி, வரிவரியாகக் கத்தரித்து, கலைத்துப் போடுங்கள். எந்த வரியை எடுத்தாலும் வாசிக்க முடிகிறதா? நடுவிலிருந்து ஒரு சொல்லைக் காட்டினால் சொல்ல முடிகிறதா? முடிந்தால் கண் வேலை செய்கிறது.

கொஞ்சம் மனப்பாடம் ஆனாலும் பயப்பட வேண்டாம். வரி தெரிந்திருப்பதால் கண் தைரியமாக வேகம் எடுக்கிறது. அந்த வேகத்தில் பார்த்த சொற்கள் நாளைக்கு வேறு பக்கத்தில் வரும்போது சட்டென்று தெரியும். அதனால் அடுத்த பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது, முந்தைய பகுதியின் சொற்கள் பாதியாவது அதில் வரும்படி பார்த்துக்கொள்வது சொல்லிக்கொடுப்பவரின் பொறுப்பு.

6. எவ்வளவு வேகம் வந்தா, எனக்கு வாசிக்கத் தெரியும்னு சொல்லிக்கலாம்?

எழுத்தறிவு ஆய்வாளர் ஹெலன் அபட்ஸி, பொருள் பிடிபட நிமிஷத்துக்கு ஏறத்தாழ 45 முதல் 60 சொல்லாவது ஓட வேண்டும் என்று எழுதியிருக்கிறார். இந்தக் கணக்கை அப்படியே மலையாளத்தின் மேல் போடாதீர்கள். மலையாளத்திலும் தமிழிலும் சொற்கள் நீளமானவை. 'வந்நுகொண்டிரிக்குந்நு' ஒரே சொல்லாக எழுதப்படும். ஆங்கிலத்தில் அதையே இரண்டு மூன்று சொல்லாகப் பிரித்துவிடுவார்கள். அதனால் நம் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும்.

உங்களை உங்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். போனில் ஒரு நிமிஷம் வைத்து ஒரு பகுதியை வாசித்து, எத்தனை சொல் வந்தது என்று நோட்டில் குறியுங்கள். வாரம் ஒருமுறை போதும். தினமும் அளந்தால் மனசு கடிகாரத்தின் மேலேயே இருக்கும். பத்துச் சொல்லில் ஒன்றுக்கு மேல் தடுக்கினால் அந்தப் பகுதி இப்போதைக்குக் கடினம், இன்னும் எளியதை எடுங்கள்.

7. சத்தம் போட்டு வாசிக்கணுமா? பக்கத்து வீட்டுக்குக் கேக்குமேன்னு கூச்சமா இருக்கு.

ஆரம்பத்தில் சத்தமாகத்தான். உங்களுடைய பெரிய பலம் காது என்று முதல் கேள்வியில் சொன்னேன். மனசுக்குள் வாசித்தால் அந்தக் காதுக்கு வேலை கிடைக்காது. மேடைப் பேச்சுக் குரல் தேவையில்லை, உங்கள் காதுக்குக் கேட்டால் போதும். கூச்சம் உள்ளவர்கள் வகுப்பில் எல்லாரும் சேர்ந்து வாசிக்கும்போது கலந்துகொள்ளுங்கள். தனியாக எழுந்து வாசிக்கச் சொல்லி யாரையும் நான் கூப்பிடுவதில்லை. ஐம்பது வயது மனிதரை நாலு பேர் நடுவில் திணறவிடுவதால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

எங்கே நிறுத்துவது என்பதையும் கவனியுங்கள். பேசும்போது மூச்சு விடுகிற இடத்தில்தான் வாசிக்கும்போதும் விட வேண்டும். அந்த இடம் சரியாக வந்துவிட்டால் பொருள் புரிந்துவிட்டது என்று அர்த்தம். பல மாதம் கழித்து உதடு தானாகவே அடங்கும், அதை அவசரப்படுத்த வேண்டாம்.

8. கூட்டெழுத்து வந்தாலே நின்னுடறேன். ஒரே எழுத்து ரெண்டு மாதிரி வேற எழுதறாங்க.

இரண்டு மாதிரி எழுதுவது உண்மைதான். 1971-ல் கேரள அரசு எழுத்தைச் சீர்திருத்தியது. தட்டச்சுக்கும் அச்சுக்கும் வசதியாக, எழுத்தோடு ஒட்டி வளைந்து வந்த உ, ஊ குறிகளைப் பிரித்துத் தனியாக நிறுத்தினார்கள், பல கூட்டெழுத்துகளையும் சந்திரக்கலை போட்டுப் பிரித்தார்கள். ஆனால் பழைய வடிவம் மறையவில்லை. கோவில் வாசலிலும் பழைய கல்வெட்டிலும் கையெழுத்திலும் தொடர்ந்தது, கணினி வந்ததும் அச்சுக்கும் திரும்பியது. ஆகவே இரண்டையும் பார்க்கத்தான் வேண்டியிருக்கும். புது வடிவத்தில் ஓட்டம் வந்த பிறகு பழையதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டெழுத்துகளைப் பட்டியல் போட்டு நெட்டுருப் பண்ணுவது களைப்பைத்தான் தரும். அதிகம் வருகிறவற்றை, அவை வருகிற சொல்லோடு சேர்த்துப் பழகுங்கள். க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப, ங்ங, ஞ்ஞ, ந்ந, ம்ம, ள்ள போன்ற இரட்டிப்புகள், பிறகு ண்ட, ந்த, ம்ப, ங்க. இவ்வளவு தெரிந்தாலே பக்கம் தெளியத் தொடங்கும். க்ஷ, ஸ்த, ஜ்ஞ போன்றவை அரசுத் தாள்களில்தான் அதிகம். அவற்றைப் பத்தாம் கேள்வியில் சொல்கிற படிவச் சொற்களோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

9. வயசு ஐம்பத்தஞ்சு தாண்டிருச்சு. இனிமே தலையில ஏறுமா?

முதலில் கண்ணைப் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு வெள்ளெழுத்து வந்திருக்கும். தூரத்தில் பஸ் வருவது தெரியும், கையிலிருக்கும் தாள் மங்கும். வாசிப்பே இல்லாதவர்களுக்கு அது தெரியாமலே பல வருஷம் ஓடிவிடும். "எழுத்து எல்லாம் ஒண்ணாத் தெரியுது, எனக்குப் படிப்பு வராது" என்று சொல்கிறவர் தாளைக் கையை நீட்டித் தள்ளிப் பிடிக்கிறாரா என்று பாருங்கள். கண்ணாடி போட்ட அன்றே பாதிப் பிரச்சினை தீர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வகுப்பில் சேர்க்கும்போதே கண் பரிசோதனைக்கு அனுப்பிவிட வேண்டும். குண்டு பல்பின் கீழே உட்காரவைப்பதையும் விட்டுவிட வேண்டும்.

வயதைப் பொறுத்தவரை, ஆலப்புழை மாவட்டத்தின் கார்த்தியாயினி அம்மா 2018-ல் தன் 96-ஆம் வயதில் கேரள அரசின் எழுத்தறிவு இயக்கமான சாட்சரதா மிஷனின் அக்ஷரலக்ஷம் தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கி முதலிடம் பெற்றார். அவருக்கு அது தாய்மொழி, உங்களுக்கு இரண்டாம் மொழி என்ற வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. புது வடிவங்களைப் பிடிப்பதில் குழந்தைகளைவிடப் பெரியவர்கள் மெதுவாகத்தான் போவார்கள். ஆனால் ஒரு நோட்டீஸில் என்ன இருக்கும், யார் எதற்கு எழுதியிருப்பார்கள் என்ற உலக அறிவு குழந்தைக்கு இல்லை, உங்களுக்கு உண்டு.

10. என்னத்தை வாசிக்கறது? குழந்தைப் பாடப் புத்தகத்தைக் கையில கொடுத்தா ஒரு மாதிரி இருக்கு.

உங்களுக்கு எது வேண்டுமோ அதை. படிவங்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் கொஞ்சம்தான்: பேரு, விலாசம், வயஸ்ஸு, தீயதி (தேதி), ஒப்பு (கையெழுத்து), துக (தொகை), நிகுதி (வரி), அபேக்ஷ (விண்ணப்பம்). இவற்றை அட்டையில் பெரிதாக எழுதி, பார்த்தவுடன் சொல்கிற அளவுக்குப் பழகினால் எந்த ஆபீஸ் தாளும் பாதி அறிமுகமாகிவிடும். பால் சங்கச் சீட்டு, ரேஷன் கடை போர்டு, கரண்ட் பில், குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தின் (பெண்கள் சுய உதவிக் குழுவின்) மினிட்ஸ் நோட்டு, பஸ் போர்டு எல்லாம் நல்ல பாடம். பத்திரிகையில் தலைப்பு மட்டும் போதும், பெரிய எழுத்து, சின்ன வாக்கியம்.

என் அனுபவத்தில் இதைவிடவும் நன்றாகப் பிடித்தது வாசிப்பவர் சொன்னதையே எழுதிக்கொடுப்பது. முதலமடை மாந்தோப்பு வேலைக்குப் போகிற ஒருவர் தன் வேலையைப் பற்றி மலையாளத்தில் நாலு வாக்கியம் சொன்னார். காலையில் எத்தனை மணிக்கு வண்டி வரும், காய் எப்படிப் பறிப்பார்கள், கூலி எப்போது. அதை அவர் சொன்னபடியே பெரிய எழுத்தில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். அடுத்த சொல் என்ன என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும், ஏனென்றால் அது அவருடைய பேச்சு. நான்காம் கேள்வியில் சொன்ன திரும்ப வாசிக்கும் முறைக்கு இப்படிப்பட்ட தாள்தான் மிக நல்ல பொருள். அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்து வண்டியில் போகும்போதும் வாசித்தார்.

அப்புறம், ஊர் நூலகத்துக்குப் போங்கள். பி.என். பணிக்கர் தொடங்கிவைத்த நூலக இயக்கத்தால் கேரளத்தில் சின்னக் கிராமத்திலும் கிரந்தசாலை இருக்கிறது. அவர் நினைவு நாளான ஜூன் 19 இங்கே வாசிப்பு தினம். குழந்தைகளின் படக்கதை வார இதழ்களையும் ஒதுக்காதீர்கள். பேரனுக்கு வாசித்துக்காட்டுகிறேன் என்று எடுத்தால் கூச்சம் இருக்காது.

11. வேலைக்குப் போயிட்டு வந்து சமைச்சு முடிச்சா கண்ணைச் சுத்துது. எவ்வளவு நேரம் படிச்சாகணும்?

தினம் பதினைந்து நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை சேர்த்துவைத்து இரண்டு மணி நேரம் படிப்பது இதற்கு ஈடாகாது. ராத்திரி முடியவில்லை என்றால் காலையில் டீ கொதிக்கிற நேரத்தில் நேற்றைய நாலு வரியை ஒருமுறை வாசியுங்கள், அன்றைய கணக்கு சரி.

12. போன்ல அமுக்கினா அதுவே வாசிச்சுச் சொல்லுதே. டிவியில பாட்டு வரியும் ஓடுது. இதெல்லாம் இருக்கும்போது எதுக்குக் கஷ்டப்படணும்?

இரண்டையும் உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். போன் வாசிக்கும்போது கண்ணை எழுத்தின் மேல் ஓட்டினால், அது பொறுமையே இழக்காத வாத்தியார். எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காது. வேகத்தைக் குறைத்தும் கேட்கலாம். பாட்டு வரியும் அப்படித்தான். பாடுகிற மொழியிலேயே வரியைத் திரையில் ஓடவிட்டால், கொஞ்சமாக எழுத்து தெரிந்தவர்களின் வாசிப்பு தானாக வளரும் என்று எழுத்தறிவு ஆய்வாளர் பிரிஜ் கோத்தாரி பல வருஷமாகச் செய்துகாட்டிவருகிறார். 1999-ல் குஜராத்தித் தொலைக்காட்சியில் சினிமாப் பாட்டுக்கு இதைச் செய்தார்கள். உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த மலையாளப் பாட்டை, வரியோடு வருகிற வீடியோவாகப் பாருங்கள்.

போன் மட்டும் போதும் என்று விட முடியாத இடம் ஒப்புப் போடுகிற இடம். கடன் தாளோ நிலத் தாளோ நீட்டப்படும்போது, எதிரில் ஆள் காத்துக்கொண்டிருக்கும்போது, போனை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்க விடமாட்டார்கள். துக என்ன, தீயதி என்ன, யார் பேர் என்பதை நீங்களே வாசிக்க வேண்டும்.

13. தடுக்காம வாசிக்கிறேனுங்க, ஆனா என்ன சொல்லுதுன்னே தெரியல. இதுக்கு என்ன பண்றது?

இது நான்காம் கேள்விக்கு நேர் எதிரான சிக்கல். அங்கே வேகம் போதவில்லை. இங்கே வேகம் இருக்கிறது, சொல் தெரியவில்லை. சந்தையில் பேசுகிற மலையாளமும் அரசு நோட்டீஸின் மலையாளமும் ஒன்றல்ல. பின்னதில் சமஸ்கிருதச் சொற்கள் நிறைய. மலையாளமே தாய்மொழியானவரும் அதில் தடுமாறுவார். உங்களிடம் குறை ஒன்றுமில்லை.

தெரியாத சொல்லை அடிக்கோடு போட்டு, முழு வாக்கியத்தையும் முடித்த பிறகு கேளுங்கள். நடுவில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டால் ஓட்டம் உடைந்துவிடும். தெரிந்துகொண்ட சொல்லை ஒரு தடவையாவது பேச்சில் பயன்படுத்துங்கள். வில்லேஜ் ஆபீஸில் போய், "அபேக்ஷ எவிட கொடுக்கணும்?" என்று நீங்களே கேட்டுவிட்டால், அடுத்த முறை தாளில் அந்தச் சொல் வந்ததும் புரிந்துவிடும். வாசித்து முடித்ததும் அதைத் தமிழில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். இரண்டாம் மொழியில் வாசித்ததைத் தன் மொழியில் சொல்ல முடிந்தால் புரிந்துவிட்டது என்று தைரியமாக நம்பலாம்.

14. என் பொண்ணுதான் சொல்லிக்கொடுக்கறா. ஒரு எழுத்து தப்பினாப் போதும், உடனே திருத்தறா. எரிச்சல் வந்து புத்தகத்தை மூடிடறேன்.

இந்தப் பதிலை அந்தப் பெண்ணுக்கு எழுதுகிறேன். அம்மா தடுக்கும்போது ஐந்து எண்ணும் வரை வாய் திறக்காதே, கண்ணு. பாதி நேரம் அவரே திருத்திக்கொள்வார். அப்படித் தானே திருத்திக்கொள்வதுதான் வாசிப்பு வளர்கிறது என்பதற்கு அடையாளம். ஐந்து ஆகியும் வரவில்லை என்றால் அந்தச் சொல்லைச் சொல்லிவிடு, பாடம் எடுக்க வேண்டாம். பொருள் மாறாத சின்னத் தப்பைக் கண்டுகொள்ளாதே. "இதுகூடத் தெரியாதா?" என்ற வார்த்தை மட்டும் உன் வாயிலிருந்து வரவே கூடாது.

15. இந்தப் பக்கத்துல தமிழ்லயே மனுக் கொடுக்கலாம்னு சட்டம் இருக்காமே. அப்புறம் மலையாளம் எதுக்கு? நம்ம தமிழும் போயிடாதா?

சட்டம் இருக்கிறது. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் உள்ள பகுதிகளில் அரசு அலுவலகங்களோடு தமிழில் எழுத்துத் தொடர்பு வைத்துக்கொள்ளலாம். அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள், பயன்படுத்தாத உரிமை ஏட்டில்தான் இருக்கும். 1956-ல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது நம் ஊர்கள் கேரளத்தில் அமைந்தன, அதற்காக நம் மொழியை நாம் விடவேண்டியதில்லை.

ஆனால் மாத்திரைக் கவர், கடைத் தெருவின் போர்டு, மகனின் பள்ளிக் கூட்ட நோட்டீஸ், கஞ்சிக்கோட்டுக் கம்பெனி வாசலில் ஒட்டிய விதிமுறை எதுவும் உங்களுக்காகத் தமிழில் வரப்போவதில்லை. தமிழ் போய்விடும் என்ற பயத்துக்கு இடமில்லை. இரண்டாம் கேள்வியில் சொன்ன மாதிரி வாசிப்புத் திறன் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகிறது. மலையாளத்தில் ஓட்டம் வந்த பிறகு தமிழ்ப் பேப்பரையும் எடுக்கத் தொடங்கியவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள்.

16. பரீட்சை எழுதி சர்ட்டிபிகேட் வாங்க முடியுமா?

முடியும். சாட்சரதா மிஷன் நாலாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, ஹயர் செகண்டரி ஆகியவற்றுக்குச் சமமான துல்யதா தேர்வுகளை நடத்துகிறது. உங்கள் பஞ்சாயத்தின் பிரேரக்கை, அதாவது மிஷனின் ஊழியரைப் பாருங்கள், தொடர்வித்யாகேந்திரம் என்கிற தொடர்கல்வி மையத்தில் இருப்பார். வயது, முந்தைய தேர்ச்சி, எந்த மொழியில் எழுதலாம் என்பதையெல்லாம் சேரும்போதே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தேர்வு நெருங்கும்போது கேள்வி பதிலை நெட்டுருப் பண்ண ஆரம்பித்து, தினமும் வாசிக்கிற பதினைந்து நிமிஷத்தை விட்டுவிடுவார்கள். தேர்வு முடிந்த சில மாதத்தில் எழுத்தே மங்கிப்போகும். தேர்வு எழுதுங்கள், அந்தப் பதினைந்து நிமிஷத்தையும் விடாதீர்கள்.

17. நடுவுல வீட்டுல கல்யாணம், அப்புறம் அறுவடை. ஆறு மாசம் விட்டுப்போச்சு. மறுபடியும் அ, ஆ-விலிருந்தா?

வேண்டாம். அப்படித் தொடங்கினால் அவமானமாக இருக்கும், வாரம் ஒன்றில் மறுபடி நின்றுவிடுவீர்கள். சரளம் வரும் முன் விட்டவர்களுக்குத்தான் நிறைய மறக்கும். சரளம் வந்த பிறகு விட்டவர்களுக்குச் சில நாள் துரு இருக்கும், அவ்வளவுதான். நீங்கள் எந்த வகை என்பதை அறிய, கடைசியாகத் தடுக்காமல் வாசித்த பகுதியை எடுத்து ஒருமுறை வாசியுங்கள். பத்துச் சொல்லில் ஒன்றுக்குள் தடுக்கினால் அங்கிருந்தே தொடரலாம். அதிகம் தடுக்கினால் அதற்கு முந்தைய பகுதி, பிறகு அதற்கும் முந்தையது என்று சுலபமாக ஓடுகிற இடம்வரை பின்னால் போங்கள். அங்கே மூன்று நாள் நின்று வாசித்துவிட்டு மேலே வாருங்கள்.

பழைய தாள்களைத் தூக்கிப்போடக் கூடாது என்று முதல் நாளே நான் சொல்வது இதற்காகத்தான். ஒரு பைண்டு நோட்டில் ஒட்டி வைத்திருந்தால், ஆறு மாதம் கழித்து எங்கே போக வேண்டும் என்று தேட வேண்டியதில்லை. நோட்டு தொலைந்துபோயிருந்தால் ஒரு கரண்ட் பில்லோடு வகுப்புக்கு வந்துவிடுங்கள், அதிலேயே தொடங்கிக்கொள்ளலாம்.